எந்தச் சண்டைக் கலையைப் பிடிப்பது, மாஸ்டர்?

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு 33 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டாம் வகுப்பில் கராத்தே சேர்ந்து இரண்டு வருடம் போனேன், பச்சை பெல்ட்டோடு நின்றுவிட்டது. கல்லூரியில் கபடி. வலது முட்டி திரும்பியதோடு அதுவும் போனது. அப்புறம் ஜிம்மில் நாலு மாதம் கிக்பாக்ஸிங், அதன்பின் யூடியூப் பார்த்து நண்பனோடு மொட்டை மாடியில் ஜியு-ஜிட்சு. எதுவும் நிலைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் பேருந்து நிலையத்தில், குடித்திருந்த ஒருவர் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். ஏழு வயது மகள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் மரம் மாதிரி நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள்தான் அவரை விலக்கினார்கள். அந்த நாளை மறக்க முடியவில்லை. இந்தத் தடவை ஒரே கலையை எடுத்து அதில் முழுதாகத் தேற வேண்டும் என்று இருக்கிறேன். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் காலை ஐந்தரைக்குச் சிலம்பம் நடக்கிறது. கல்யாண மண்டப மாடியில் மாலையில் கராத்தே. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு குத்துச்சண்டை வகுப்பு. மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் முடியாது. நிஜச் சண்டைக்கு எது சிறந்தது? வர்மம் தெரிந்தால் ஒரு தொடுதலில் ஆளைச் சாய்க்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? 33 வயதில் தொடங்குவது தாமதமா? படிக்கட்டு இறங்கும்போது முட்டி சில சமயம் விட்டுப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

பேருந்து நிலையத்தில் நடந்ததை முதலில் பேசிவிடுவோம். உங்கள் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது.

மரம் மாதிரி நின்றது கோழைத்தனம் இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவரை முதன்முதலாக இன்னொருவர் எதிரில் நிறுத்தி, "சட்டையைப் பிடியுங்கள், இழுங்கள், தள்ளுங்கள்" என்று விட்டால் அநேகமாக எல்லோரும் செய்வது ஒன்றுதான். மூச்சை நிறுத்திவிடுவார்கள். உதடு இறுகும், தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறும், கால், மேட் என்கிற பயிற்சி விரிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் போனதும் ஊர் எல்லை வரை ஓடிவிட்டு வந்தவர் மாதிரி மூச்சு வாங்குவார்கள். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பும் அப்படித்தான் நிற்கும், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிய உடம்பும் அப்படித்தான் நிற்கும். முன்பின் பார்த்திராத ஒன்று நடக்கும்போது உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அதே ஆள், பிடித்த பிடியோடு மூச்சு விட்டுக்கொண்டே பக்கவாட்டில் நடப்பார். தைரியம் வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்துத் தள்ளுவது அவர் உடம்புக்குப் பழகிவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். அன்று நீங்கள் மகளின் கையை விடவில்லை. கைகலப்பில் இறங்கியிருந்தால் அந்தக் கை தானாக விட்டுப்போயிருக்கும். குழந்தை பேருந்துகளுக்கு நடுவே தனியாக நின்றிருக்கும். அடுத்த தடவை இப்படி நேர்ந்தாலும் செய்ய வேண்டியது அதே திசையில்தான்: மூச்சை விடுவது, ஒரு எட்டு பின்னால் வைப்பது, மகளை முதுகுப் பக்கம் கொண்டுவருவது, சத்தமாகப் பேசுவது, அங்கிருந்து போய்விடுவது. இதைச் செய்யவும் உறையாத உடம்பு வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

எது சிறந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். இதை ஒரு தடவை உலகத்தின் முன்னால் வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரத்தில், வெவ்வேறு கலைக்காரர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் யூஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தது. எடைப் பிரிவு கிடையாது. ஒரே இரவில் எட்டுப் பேர். கராத்தேக்காரர், சுமோ வீரர், குத்துச்சண்டைக்காரர் என்று வேறு வேறு பள்ளி. குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்து, கீழே தள்ளப்பட்டதும் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். வென்றவர் பிரேசிலைச் சேர்ந்த ராய்ஸ் கிரேசி, தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சுக்காரர். பெரிய உடம்பு இல்லை. மூன்று பேரைத் தரைக்கு இழுத்தே முடித்தார், அதில் இரண்டு பேரைக் கழுத்தை நெரித்து. அன்றைக்கு எல்லோரும் ஜியு-ஜிட்சுதான் விடை என்றார்கள். சில வருடத்திலேயே பெரிய மல்யுத்த வீரர்கள் வந்து மேலே படுத்து அழுத்தி ஜெயித்தார்கள். சரி, மல்யுத்தம்தான் விடை என்றார்கள். 1997இல் மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்ஸர், மார்க் கோல்மன் என்ற மல்யுத்த வீரரைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்தார். கீழே விழாமல் தப்புவதையும், விழுந்தால் எழுந்துகொள்வதையும் அவர் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அதற்கப்புறம் எல்லோரும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கலை பெரியது என்ற கேள்விக்கு அந்த மேடையிலேயே நிலையான பதில் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அங்கே நிலைத்து நின்ற மல்யுத்தம், குத்துச்சண்டை, தாய்லாந்தின் முய் தாய், ஜியு-ஜிட்சு எல்லாவற்றிலும் வகுப்பில் எதிரே இருப்பவர் முழு பலத்தோடு எதிர்ப்பார். நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான். கலையின் பெயரை விடுங்கள். எதிரே நிற்பவர் உண்மையாகவே உங்களை எதிர்க்கிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

இதை முதலில் கணக்குப் போட்டுச் செய்தவர் என்று நான் நினைப்பது ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவை. 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கும்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அதற்கு முன் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இரண்டு மரபுகளைக் கற்றிருந்தார். அந்தப் பழைய மரபுகளில் ஆளை ஊனமாக்கக்கூடிய முறைகள் நிறைய. அவற்றைத் தினமும் முழு வேகத்தில் பழக முடியாது, பழகினால் மறுநாள் வகுப்புக்கு ஆள் இருக்காது. ஆகவே மெதுவாக, ஒருவர் ஒத்துழைக்க இன்னொருவர் செய்து காட்டுவதாகவே அவை இருந்தன. கானோ ஆபத்தானவற்றைச் சண்டைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். மீதியை இரண்டு பேரும் ஜெயிக்கப் பார்க்கும் ராண்டோரியாகத் தினமும் பழகவைத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் கலையின் பல்லைப் பிடுங்கியது போல இருக்கும். ஆனால் தினம் நூறு தடவை எதிர்ப்பவர் மேல் முயன்று பார்த்த ஒரு எறி கைக்கு வரும். ஒருவர் மேலும் முழுதாகப் போட்டுப் பார்க்காத ஒரு கொலைப்பிடி சமயத்தில் கைக்கு வராது. பின்னாளில் ராய்ஸ் கிரேசியின் குடும்பத்துக்கு வித்தை போய்ச் சேர்ந்ததும் இந்தக் கோடோகனிலிருந்துதான். அங்கே பழகிய மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போனார், கார்லோஸ் கிரேசிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

உங்கள் வர்மக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது அடியும் வைத்தியமும் சேர்ந்த மரபு. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் அவர்களிடம் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடம்பில் எந்த இடத்தில் பட்டால் அதிகம் வலிக்கும் என்ற அறிவு எந்தக் கலைக்கும் துணை. ஆனால் அசைந்துகொண்டு, திமிறிக்கொண்டு, திருப்பி அடிக்கிற ஒருவரை ஒரே தொடுதலில் சாய்த்ததை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீடியோவில் விழுகிறவர் அநேகமாக அந்த ஆசானின் மாணவர்தான். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்பி நிற்கக்கூடிய விஷயம் அது இல்லை.

இனி நீங்கள் சொன்ன மூன்று வகுப்புகள்.

கராத்தே உங்களுக்கு ஓரளவு தெரியும், பழைய உடம்பு நினைவு திரும்ப வரும். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கட்டா என்கிற தனி அசைவு வரிசையை மட்டும் செய்து முடித்துவிடுகிறார்களா, அல்லது கடைசி இருபது நிமிடமாவது இருவர் இருவராக நின்று குமிதே என்கிற மோதல் பயிற்சி செய்கிறார்களா? பெரியவர்கள் யாராவது படிக்கிறார்களா? மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், அதற்குத் தனிக் கட்டணம், தேறாதவர் ஒருவர்கூட இல்லை என்றால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. வண்ண பெல்ட் பழைய சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். கானோ வைத்திருந்தது முக்கியமாக வெள்ளையும் கறுப்பும்தான். இத்தனை நிறங்களைப் பரப்பியவர் 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாயிஷி என்ற ஆசிரியர். கறுப்பு பெல்ட்டின் முதல் நிலையை ஷோடான் என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தொடக்கப் படி என்றுதான் பொருள். முழுதாகத் தேற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, ஜப்பானியர்கள் கறுப்பு பெல்ட்டை அந்த வரிசையின் முதல் படியில்தான் வைத்திருக்கிறார்கள்.

குத்துச்சண்டை, உறைந்து நிற்கும் பழக்கத்தை மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் உடைக்கும். முகத்தை நோக்கி ஒரு கிளவுஸ் வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகிவிட்டால் நெஞ்சில் ஒரு கை பட்டதற்கு உடம்பு பதறாது. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர் அதை யோசித்தே ஆக வேண்டும். தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது வெட்டுக் காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆண்களுக்கான உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளிலேயே 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்க்கும்போது பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: "எத்தனை மாதம் கழித்து ஸ்பாரிங் விடுவீங்க?" (ஸ்பாரிங் என்றால் எதிராளியோடு மோதிப் பழகுவது.) சேர்ந்த இரண்டாவது வாரமே தேர்ந்த ஆளோடு நிறுத்துகிறவர் உங்களைச் சோதிக்கிறார், சொல்லிக்கொடுக்கவில்லை. அடி வாங்கியவருக்குத் தலை சுற்றினால், வாந்தி வந்தால், அன்றைக்குப் பயிற்சியை அப்படியே நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிறாரா என்றும் விசாரியுங்கள். அப்புறம் அந்தப் பத்து கிலோமீட்டர். ஆலையில் மாதக் கடைசிக் கணக்கு முடித்து ஏழு மணிக்கு வெளியே வருகிற மனிதர், பத்து போய்ப் பத்து வர வேண்டும். அடிபட்டு நின்ற மாணவர்களைவிட, தூரத்தால் நின்ற மாணவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிலம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஜூடோவுக்கு முன்னால் நான் நின்ற இடம் அதுதான். ஒன்பது வயதில் வாத்தியார் முன் போய் நின்றபோது கம்பு தருவார் என்று நினைத்தேன். நாலு மாதம் தொடவிடவில்லை. தரையில் அடுப்புச் சாம்பலால் கட்டம் போட்டுவிடுவார். எந்தக் கால் முதலில், எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே குதிகால் தூக்குவது என்று காலடி மட்டும். வெறுங்கையோடு அந்தக் கட்டத்துக்குள் நடந்து நடந்து சாம்பல் கலைந்தால் மறுபடி போடுவார். அப்புறம்தான் கம்பு, அதுவும் நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டியது. ஒரு வருடம் கழித்து எதிரில் ஆள் நிறுத்தினார். கம்பு நுனியில் துணியைச் சுற்றி அதைச் சாம்பலில் தொட்டுக்கொள்ள வேண்டும். யார் சட்டையில் அதிகக் கறை என்பதுதான் கணக்கு. முதல் நாள் என் சட்டையில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. அம்மா துவைக்கும்போது திட்டினாள். ஆனால் ஒரு மாதத்தில், கம்பு வருவதற்கு முன்பே எதிராளியின் தோள் எந்தப் பக்கம் அசைகிறது என்று கண் பார்க்கத் தொடங்கியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பு சுற்றுவது வேறு, கம்பு விளையாடுவது வேறு. அலங்காரச் சிலம்பம் பார்க்க அழகு, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். கூடவே சான்றிதழுக்காகச் சுற்ற மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளும் பெருகியிருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது எதிராளியோடு மோதும் போர்ச் சிலம்பம். ஆகவே அந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனால் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: இருவரை எதிரெதிரே நிறுத்தித் தொட்டு விளையாட விடுகிறார்களா? விடும்போது கண்ணுக்கும் விரலுக்கும் காப்பு உண்டா? இந்தக் கலையில் அதிகம் அடிபடுவது விரல் கணு. பயப்பட வேண்டியது கண்ணுக்கு.

பேருந்து நிலையத்துக்குக் கம்பு எடுத்துக்கொண்டா போக முடியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். சிலம்பத்திலிருந்து நீங்கள் கூடவே கொண்டுபோவது காலையும் கண்ணையும். முகத்தை நோக்கிக் கம்பு வரும்போது ஒரு எட்டு விலகிப் பழகிய ஆள், குடித்தவர் கை நீட்டும்போது ஏற்கெனவே ஒரு எட்டு விலகியிருப்பார். அந்த ஒரு எட்டுதான் அன்றைக்கு உங்களிடம் இல்லாமல் போனது. வெறுங்கைக்குக் குத்துவரிசையும் நம் மரபில் இருக்கிறது. அதையும் சொல்லித் தருவாரா என்று வாத்தியாரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

ஆனால் எதற்கும் முன்னால் முட்டி. படிக்கட்டில் விட்டுப்போகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கபடியில் முட்டி திரும்பி, பல வருடம் கழித்தும் இறங்கும்போது விட்டுப்போகிறது என்றால் முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிவைக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. உறுதியாகச் சொல்ல வேண்டியவர் எலும்பு மருத்துவர்தான், நான் இல்லை. கையால் அசைத்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எழுதுவார். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. தொடைத் தசையை வலுவாக்கியே நன்றாக நடமாடுகிறவர்கள் நிறைய. ஆபரேஷன் செய்தால் விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வகுப்பிலும் கால் வைக்க வேண்டாம். நான் ஜூடோக்காரன், ஒருவரைச் சேர்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த முட்டியோடு உங்களை என் மேட்டில் ஏற்ற மாட்டேன். ஜூடோவில் நின்ற காலை ஊன்றித் திரும்புவதும், இன்னொருவர் எடை உங்கள் முட்டி மேல் பக்கவாட்டில் விழுவதும் தினசரி நடப்பது.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜூடோவில் மூத்தோர் போட்டியே 30 வயதில்தான் தொடங்குகிறது. அமெச்சூர் குத்துச்சண்டையில் 40 வரை இறங்கலாம். கேரளத்தின் வடகரா ஊரில் களரி சொல்லிக்கொடுக்கும் மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார், அப்போதும் களத்தில் இறங்கி வாள் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஏழு வயதில் தொடங்கியவர், நீங்கள் 33இல். இந்த வித்தியாசம் உண்மைதான். காயம் ஆற நாள் கூடும், அதனால் வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் முதல் வருடம் வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. கிக்பாக்ஸிங்கை நாலாவது மாதம் விட்டீர்கள். அதை நான் என் வகுப்பிலும் பார்க்கிறேன். முதல் மூன்று மாதம் தினம் ஏதாவது புதிதாக வரும், வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல விஷயம் இருக்கும். நாலாவது மாதம் புதிது தீர்ந்துபோகும். அதே எறி, அதே விழுதல், அதே ஆள். நேற்று வந்தது இன்று வராது. அப்போதுதான் இரவு போனில் வேறு கலையின் வீடியோ கண்ணில் படும், அது இதைவிடச் சிறந்ததாகத் தெரியும். போகிறவர் யாரும் அலுப்பு என்று சொல்லிப் போவதில்லை, "இது நிஜச் சண்டைக்கு உதவாது மாஸ்டர்" என்று சொல்லித்தான் போகிறார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த வாசனை கொஞ்சம் அடிக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலாவது மாதத்தில்தான் உடம்பு கற்றதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். எதில் சேர்ந்தாலும் இரண்டு வருடத்துக்கு வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். நமக்கு நாமே சொல்லிக்கொள்வதைவிட அது பலமாக நிற்கும்.

ஜூடோவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை: விழுவது. தள்ளுமுள்ளில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் எதிராளியின் கையால் வருவதில்லை. பின்னால் சாய்ந்து சிமென்ட் தரையில் பின்மண்டை மோதுவதால் வருகிறது. எங்கள் வகுப்பில் முதல் மாதம் முழுக்க இதுதான். உட்கார்ந்தபடி பின்னால் உருள வேண்டும். முகவாயை நெஞ்சில் ஒட்டி, கண் தன் பெல்ட் முடிச்சையே பார்க்க வேண்டும். முடிச்சைப் பார்க்கிறவரை தலை தரையில் படாது. முதுகு படும் நொடியில் மூச்சை விட்டபடி, இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கி உள்ளங்கை கீழே இருக்க மேட்டில் அறைய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். முட்டியை டாக்டரிடம் காட்டிய பிறகு, மாவட்ட விளையாட்டரங்கில் ஜூடோ நடந்தால் அங்கே இதற்காக மட்டும் ஒரு மாதம் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலையில் பழகுவதற்கு முட்டி தடையாக இருக்காது. மொட்டை மாடியில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. உங்களையும் மகளையும் காத்துக்கொள்ளும் உரிமை நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குத்தான். தள்ளியவர் தள்ளாடி விழுந்த பிறகு மிதித்தால் அந்த உரிமை உங்கள் பக்கம் நிற்காது. பயிற்சி பெற்றவர் என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, எதில் சேர்வது? டாக்டர் முட்டிக்கு ஒப்புதல் கொடுத்தால், என் பதில் சிலம்பம். எதிராளியோடு தொட்டு விளையாட விடும் வாத்தியாராக இருக்க வேண்டும், அந்த ஒரு நிபந்தனையோடு. பக்கத்திலேயே நடக்கிறது, வேலைக்கு முன் முடிந்துவிடும், மாதக் கடைசிக் கணக்கு அதைத் தொடாது. அறுபது வயதிலும் கம்பு பிடிக்கலாம். வீடு கட்டி, அதாவது காலடி வரிசை வைத்து விளையாடும்போது ரொம்பத் தாழ உட்காரும் நிலைகளை மட்டும் முட்டிக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், நல்ல வாத்தியார் மறுக்க மாட்டார். அங்கே வெறும் அலங்காரம்தான் என்று தெரிந்தால் கராத்தே மாடியைப் பாருங்கள், குமிதே இருந்தால் அது. இரண்டும் சரியில்லை என்றால்தான் பத்து கிலோமீட்டர். அப்படிப் போனால் வாரம் இரண்டு நாள், ஒரு வருடம், பை குத்துவதும் லேசான ஸ்பாரிங்கும் போதும்.

இந்தச் சனிக்கிழமை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போங்கள். சேர வேண்டாம், ஓரமாக நின்று முழு வகுப்பையும் பாருங்கள். வாத்தியார் தப்புச் செய்கிற பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். முடிந்ததும் போய் வணக்கம் சொல்லி முட்டியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கம்பு வாங்கிவிடாதீர்கள், அளவெடுக்கும் நாளை அவரே சொல்வார். மகளையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. அவளுக்குக் காலடி பழகுவதற்குச் சரியான வயது இது. அன்று கையைப் பிடித்து நின்றவள் உங்களுக்கு எதிரே கம்போடு நிற்கும் நாள் வரட்டும். முட்டி ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.